ஹாலில் ரவுட்டர், பின்னறையில் போன், நடுவில் ஒரு லேப்டாப்: எங்கே மாட்டுகிறது?

எங்கள் வீட்டில் ரவுட்டர் ஹாலில், டிவிக்குப் பின்னால் இருக்கிறது. ஃபைபர் போட வந்தவர் கேபிள் எட்டிய இடத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார். ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டு. இரண்டாவது சுவரை ஒட்டி அம்மாவின் ஸ்டீல் பீரோ. பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்தால் போனில் ஒரே ஒரு கோடு தெரியும். கதவைச் சாத்தினால் அதுவும் போய்விடும்.

ரிப்பீட்டர் வாங்குவதற்கு முன்னால், வீட்டில் சும்மா கிடந்த பழைய விண்டோஸ் லேப்டாப்பை நடுவில் வைத்துப் பார்த்தேன். ரவுட்டரிலிருந்து வைஃபையை வாங்கி, அதையே ஹாட்ஸ்பாட்டாகப் பின்னறைக்குக் கொடுப்பது. 2016இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு 1607 முதல் இதற்குத் தனி மென்பொருள் வேண்டாம். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் ‘மொபைல் ஹாட்ஸ்பாட்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் வேலை செய்ய வேண்டும். செய்யாதபோது என்ன பார்ப்பது என்பதைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். இது மனதில் பதிந்தால் கீழே வரும் பாதிக் கோளாறுகள் தாமாகவே புரியும். லேப்டாப் இங்கே ரிப்பீட்டர் கிடையாது. ரவுட்டரின் சிக்னலை வாங்கி அப்படியே முன்னால் தள்ளிவிடுவதில்லை. அது ஒரு குட்டி ரவுட்டராக மாறி, தனக்கென்று தனி நெட்வொர்க் நடத்துகிறது. அந்த நெட்வொர்க்கில் லேப்டாப்பின் முகவரி (ஐ.பி. அட்ரஸ்) 192.168.137.1. அதில் சேரும் போனுக்கும் 192.168.137 என்று தொடங்கும் முகவரிதான் கிடைக்கும். உங்கள் ரவுட்டர் தருவது பெரும்பாலும் 192.168.1 அல்லது 192.168.0 என்று தொடங்கும். ஆக வீட்டில் இப்போது இரண்டு தெருக்கள், நடுவில் ஒரு வாசல். கோளாறு முதல் தெருவிலா, வாசலிலா, இரண்டாம் தெருவிலா என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

பொத்தானே விழவில்லை, ‘ஹாட்ஸ்பாட் அமைக்க முடியவில்லை’ என்கிறது

முதலில் லேப்டாப்பிலேயே ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். லேப்டாப்புக்கே நெட் இல்லையென்றால் விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டைத் தொடங்காது. கையில் இல்லாததைப் பகிர முடியாதே.

லேப்டாப்பில் நெட் ஓடுகிறது, ஆனாலும் பொத்தான் திரும்ப அணைந்துவிடுகிறது என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மேலே ‘வியூ’ மெனுவில் மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லுங்கள். நெட்வொர்க் அடாப்டர்கள் பட்டியலில் ‘மைக்ரோசாஃப்ட் வைஃபை டைரக்ட் விர்ச்சுவல் அடாப்டர்’ என்று ஒன்றோ இரண்டோ இருக்க வேண்டும். ஹாட்ஸ்பாட் ஓடுவது இதன் முதுகில்தான். யாராவது ‘தேவையில்லாதது’ என்று இதை முடக்கியிருந்தால் மறுபடி இயக்குங்கள். பட்டியலிலேயே இல்லையென்றால் வைஃபை கார்டின் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்துப் போட்டுப் பாருங்கள். மலிவான யூ.எஸ்.பி. வைஃபை குச்சிகள் சிலவற்றின் டிரைவரில் இந்த வசதியே இருக்காது. அதோடு மல்லுக்கட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தவன் சொல்கிறேன், விட்டுவிடுங்கள்.

இன்னொரு காரணம் அதிகம் பேருக்குத் தெரியாது. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சானல்களில் (அலைவரிசைக்குள் எண் போட்டுப் பிரித்த பாதைகளில்) ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கலாம். பல நாடுகளில் அந்த அலைவரிசையை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அதனால் பல லேப்டாப் கார்டுகள் அந்தச் சானலில் இருக்கும் நெட்வொர்க்கில் சேருமே தவிர, தாமாக அங்கே ஒரு நெட்வொர்க்கைத் தொடங்காது. லேப்டாப்பில் இருப்பது ஒரே ரேடியோ என்றால், ரவுட்டரோடு பேசும் அதே சானலில்தான் ஹாட்ஸ்பாட்டும் ஓட வேண்டும். அங்கே தொடங்கக் கூடாது என்றால் எங்கேயும் தொடங்க முடியாமல் நிற்கும். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தை பிரவுசரில் திறந்து 5 கிகாஹெர்ட்ஸ் சானலை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றாக வையுங்கள். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, நான் எதையும் தொடவில்லை என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ‘ஆட்டோ’ ராத்திரியில் சானலை மாற்றியிருக்கும்.

ஆபீஸ் லேப்டாப் என்றால், ஐ.டி. துறையே இந்த வசதியைப் பூட்டி வைத்திருக்கலாம். அதற்கு மருந்து உங்கள் கையில் இல்லை.

ஆப்பிள் மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: அதில் உள்ள ‘இன்டர்நெட் ஷேரிங்’, வைஃபையில் வாங்கியதை அதே வைஃபையில் கொடுக்காது. ரவுட்டரிலிருந்து கேபிளில் வாங்கினால்தான் வைஃபையில் கொடுக்கும்.

ஹாட்ஸ்பாட் ஓடுகிறது, போனில் பெயர் தெரியவில்லை

அநேகமாக அலைவரிசைச் சிக்கல். லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸில் கொடுக்கிறது. பழைய போனுக்கும், மலிவான ஸ்மார்ட் பிளக், கேமரா போன்றவற்றுக்கும் 2.4 மட்டுமே தெரியும். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் பெயரையும் கடவுச்சொல்லையும் திருத்தும் இடத்திலேயே ‘பேண்ட்’ என்று ஒரு தேர்வு இருக்கும். 2.4க்கு மாற்றுங்கள். மாற்றியும் வரவில்லையென்றால், லேப்டாப்பையும் ரவுட்டரின் 2.4 பெயரில் சேர்த்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போடுங்கள். மேலே சொன்ன ஒரே ரேடியோ விவகாரம்தான்.

அங்கேயே ‘எதன் வழியாகப் பகிர்வது’ என்ற வரியையும் பாருங்கள். அதில் புளூடூத் தேர்வாகியிருந்தால் போனின் வைஃபைப் பட்டியலை ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பெயர் வராது.

போன் சேர்கிறது, நெட் மட்டும் இல்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நிதானமாகப் பார்ப்போம்.

பின்னறையிலிருந்து தங்கை கத்தினாள்: “அண்ணா, கனெக்டட்னு காட்டுது, ஆனா ஒண்ணும் ஓப்பன் ஆகல.”

“வைஃபை பேரு பக்கத்துல சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கும், அதத் தொடு. ஐ.பி. அட்ரஸ்னு ஒரு நம்பர் இருக்கா?”

“நூத்தித் தொண்ணூத்திரண்டு, நூத்தி அறுபத்தெட்டு, ஒண்ணு…”

“ஒண்ணா? நூத்தி முப்பத்தேழு இல்லியா? நீ ஹால் ரவுட்டர்ல இருக்கடி.”

ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்ததாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். போன் பழைய பாசத்தில் ரவுட்டரின் ஒற்றைக் கோட்டையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் செய்த தப்பு, ஹாட்ஸ்பாட்டுக்கும் ரவுட்டருக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வைத்தது. ஒரே பெயர் இருந்தால் போன் நல்ல சிக்னலுக்குத் தானாகத் தாவும் என்று நினைத்தேன். தாவினாலும் தெரு மாறும், முகவரி மாறும், ஓடிக்கொண்டிருந்த அழைப்பு அறுந்துவிடும். தனிப் பெயர் வையுங்கள். பின்னறையிலேயே இருக்கும் போனில் ரவுட்டர் பெயருக்கு ‘ஆட்டோ கனெக்ட்’டை எடுத்துவிடுங்கள்.

சரி, அந்த எண் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

192.168.137 என்று தொடங்கினால் போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையே எல்லாம் சரி. வாசலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் கொடுங்கள், அதாவது ping 8.8.8.8 என்று தட்டி, அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பாருங்கள். பதில் வந்தால் லேப்டாப்புக்கு நெட் இருக்கிறது, போனுக்கு அதைக் கடத்தும் இடத்தில்தான் அடைப்பு. வி.பி.என். (நெட் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் மென்பொருள்) ஓடுகிறதா? அதை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஹாட்ஸ்பாட் பகிர்வது வைஃபை இணைப்பை, வி.பி.என். வந்து லேப்டாப்பின் போக்குவரத்தையெல்லாம் வேறு சுரங்கத்தில் திருப்பிவிட்டால் போன் நடுத்தெருவில் நிற்கும். ஆண்ட்ராய்டு போனில் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்று எதையாவது எப்போதோ போட்டு மறந்திருந்தால் அதையும் ‘ஆஃப்’ செய்து பாருங்கள்.

169.254 என்று தொடங்கினால், அல்லது ‘ஐ.பி. முகவரி பெறப்படுகிறது’ என்று சுற்றிக்கொண்டே இருந்தால், லேப்டாப் முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம். 169.254 என்பது கேட்டுக் கேட்டு யாரும் கொடுக்காததால் சாதனம் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் எண். இதற்கு இரண்டு சந்தேக நபர்கள். ஒன்று, தனியாகப் போட்ட ஆன்டிவைரஸின் ஃபயர்வால். அதை ஐந்து நிமிடம் நிறுத்தி, போனை மறுபடி சேர்த்துப் பாருங்கள். சேர்ந்தால் குற்றவாளி அதுவே. ஃபயர்வாலை அப்படியே அணைத்து வைத்துவிடாமல், அதன் செட்டிங்ஸில் இந்த நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறியுங்கள். இரண்டாவது, ‘இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்’ என்ற சேவை நின்றிருப்பது. ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, பட்டியலில் அதைக் கண்டுபிடித்து ரீஸ்டார்ட் கொடுங்கள். பிறகு ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போடுங்கள்.

லேப்டாப்பின் பிங்குக்கும் பதில் வரவில்லையென்றால் போனையோ ஹாட்ஸ்பாட்டையோ குறை சொல்லிப் பயனில்லை. ரவுட்டரைப் பாருங்கள்.

நெட் வருகிறது, ஆமை வேகம்

இதில் ஒரு பகுதி கோளாறே அல்ல, கணக்கு. ஒரே ரேடியோ, ஒரே சானல். ரவுட்டரிடமிருந்து வாங்கும்போது போனுக்குக் கொடுக்க முடியாது, கொடுக்கும்போது வாங்க முடியாது. ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு பாத்திரத்திலிருந்து எடுத்துத் தட்டில் போடுவது மாதிரி, பாதி நேரம் எடுப்பதிலேயே போகும். ஆகவே லேப்டாப்பில் கிடைக்கும் வேகத்தில் பாதி போனில் கிடைத்தாலே உங்கள் ஏற்பாடு நன்றாக இருக்கிறது என்றுதான் பொருள்.

பாதிக்கும் ரொம்பக் கீழே போனால், லேப்டாப் இருக்கும் இடம் தப்பு. எல்லாரும் செய்யும் தவறு, சிக்னல் இல்லாத அறையிலேயே லேப்டாப்பை வைப்பது. நானும் முதல் நாள் அதைத்தான் செய்தேன்: பின்னறை மேசையில் லேப்டாப், பக்கத்தில் போன். போனில் கோடுகள் நிறைந்திருந்தன, வேகம் மட்டும் இல்லை. அந்தக் கோடுகள் போனுக்கும் லேப்டாப்புக்கும் இடையிலான உறவைத்தான் காட்டுகின்றன. லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பது அதில் தெரியாது.

ஆகவே வேகத்தை முதலில் லேப்டாப்பிலேயே அளந்து பாருங்கள், ஒவ்வொரு இடமாக. அப்புறம் ரவுட்டரின் முகவரிக்கு பிங் கொடுத்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். பதில்கள் ஒற்றை இலக்க மில்லி செகண்டிலோ, அதற்குச் சற்று மேலோ நிலையாக இருந்தால் நல்ல இடம். திடீர் திடீரென்று முந்நூறு, ஐந்நூறு என்று குதித்தால் அந்த இடம் வேண்டாம்.

எங்கள் வீட்டில் கடைசியில் இடம் கிடைத்தது பூஜை அறைக்கு வெளியே, நடையில் இருந்த ஒரு ஸ்டூலின் மேல். அங்கிருந்து பார்த்தால் ஹால் வாசல் வழியாக ரவுட்டர் நேராகத் தெரியும், இன்னொரு பக்கம் பின்னறைக் கதவு. இரண்டு பக்கமும் சுவரைக் குறுக்கே வெட்டாமல் வாசல் வழியாகவே சிக்னல் போகிறது. அப்படியும் பின்னறையின் ஒரு மூலை இருட்டாகவே இருந்தது. பீரோவை ஒன்றரை அடி நகர்த்தினோம், சரியாகிவிட்டது. இரும்பு வைஃபையை விழுங்காது, முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்பிவிடும். பீரோவுக்குப் பின்னால் விழுவது நிழல்தான். கண்ணாடிக்குப் பின்னால் பூசிய ரசமும் இதே வேலையைச் செய்யும். தண்ணீர் நிரம்பிய டிரம்மோ சிக்னலை விழுங்கிவிடும், நிழல் அங்கும் விழும்.

இந்தப் பாதி வேகக் கணக்கிலிருந்து தப்ப ஒரே நல்ல வழி கேபிள். ரவுட்டரிலிருந்து லேப்டாப் வரைக்கும் ஒரு லேன் கேபிள் இழுத்துவிட்டால் வாங்குவது கம்பியில், கொடுப்பது காற்றில். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். சானல் தொல்லையும் போய்விடும். ஹாட்ஸ்பாட் பக்கத்தில் ‘எந்த இணைப்பைப் பகிர்வது’ என்ற இடத்தில் ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை போகும். எந்த வீட்டுக்கும் தாராளம். கேபிள் போட்டும் வேகம் தொண்ணூற்றைந்துக்கு அருகே முட்டி நிற்கிறது, திட்டமோ 300 எம்.பி.பி.எஸ். என்றால், இணைப்பு 100இல் ஓடுகிறது. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். கிரிம்ப் செய்யும்போது (முனையில் பின்னை அழுத்திப் பொருத்தும்போது) ஒரு கம்பி சரியாகப் பிடிக்காமல் போனாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். முனையை வெட்டிப் புது பின் போடச் சொல்லுங்கள். பழைய லேப்டாப்பின் போர்ட்டே 100தான் என்றால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று காணாமல் போகிறது

எப்போது காணாமல் போகிறது என்று கவனியுங்கள்.

எல்லாரும் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தால் இல்லையா? யாரும் சேர்ந்திருக்காவிட்டால் சில நிமிடங்களில் ஹாட்ஸ்பாட் தானாக அணைந்துகொள்ளும். அதே பக்கத்தில் ‘பவர் சேவிங்’ என்ற பொத்தானை எடுத்துவிடுங்கள்.

யாராவது லேப்டாப்பை மூடினால் இல்லையா? மூடினால் தூங்கச் சொல்லி விண்டோஸுக்கு உத்தரவு இருக்கிறது. கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடும்போது ‘எதுவும் செய்யாதே’ என்று வைக்கலாம். அப்படி வைத்தால் லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காதீர்கள், சூடு வெளியேற வழி வேண்டும். தூங்கும் நேரத்தை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று வையுங்கள், திரை அணையட்டும்.

எப்போது என்றே சொல்ல முடியாமல் அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் ‘மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம்’ என்ற டிக்கை எடுங்கள். சில கார்டுகளில் அந்தத் தாவலே இருக்காது.

கரண்ட் போய் வந்த பிறகு நெட் வரவில்லை என்பது நம் ஊர் அறிகுறி. ரவுட்டர் இன்வெர்ட்டரில் இல்லை, லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது. கரண்ட் போனதும் ரவுட்டர் அணைகிறது, லேப்டாப் மட்டும் ஓடுகிறது. கரண்ட் வந்து ரவுட்டர் எழுந்த பிறகு, லேப்டாப் அதில் சேர்ந்தாலும் பகிர்வு பழைய நிலையிலேயே உறைந்து நிற்கலாம். ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் ஒரு சின்ன யூ.பி.எஸ்.ஸில் மாட்டினால் இந்தத் தலைவலியே இல்லை.

விருந்தாளிகள் வந்த அன்று மட்டும் யாரோ ஒருவருக்குச் சேர மாட்டேன் என்கிறதா? விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டில் எட்டு சாதனங்கள்தான். ஒன்பதாவது ஆளுக்கு இடமில்லை.

நெட் ஓடுகிறது, ஆனால் டிவியும் பிரின்டரும் கண்ணில் படவில்லை

ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் போனிலிருந்து ஹால் டிவிக்கு காஸ்ட் செய்யப் பார்த்தால் (போனில் ஓடும் படத்தை டிவியில் காட்டப் பார்த்தால்) டிவியின் பெயரே வராது. பழுது எதுவும் இல்லை. இரண்டு தெரு கதையை நினைத்துக்கொள்ளுங்கள். டிவியும் பிரின்டரும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தங்கள் தெருவுக்குள் மட்டும் கூவுகின்றன. அந்தக் குரல் வாசலைத் தாண்டி 137 தெருவுக்கு வராது.

பிரின்டருக்கு ஒரு வழி உண்டு. 137 தெருவிலிருந்து வெளியே போவதற்குத் தடையில்லை. ஆகவே பிரின்டரின் முகவரியை நேரடியாகத் தட்டிச் சேர்த்தால் பெரும்பாலும் அச்சாகும். ரவுட்டரில் அந்த முகவரி மாறாதபடி பிரின்டருக்கு ஒதுக்கிவிடுங்கள். எதிர்த்திசை நடக்காது: ரவுட்டர் பக்கத்துப் போனிலிருந்து ஹாட்ஸ்பாட்டில் இருக்கும் கேமராவை உள்ளூரில் தேடிப் பிடிக்க முடியாது. காஸ்ட் செய்ய வேண்டுமா, அந்த நேரத்துக்குப் போனை ரவுட்டருக்கு மாற்றுங்கள், அல்லது ஹாலுக்கு எழுந்து வாருங்கள்.

‘இரண்டு நெட்வொர்க்கையும் பிரிட்ஜ் செய்தால், அதாவது ஒன்றாக இணைத்தால், ஒரே தெரு ஆகிவிடுமே’ என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். லேப்டாப் வைஃபையில் வாங்கும்போது அது சாதாரணமாக நடக்காது. ரவுட்டர், தன்னிடம் பதிவு செய்துகொண்ட மேக் முகவரியிலிருந்து (ஒவ்வொரு வைஃபை கார்டுக்கும் உள்ள அடையாள எண்ணிலிருந்து) வரும் பொட்டலங்களை மட்டுமே ஏற்கும். லேப்டாப்புக்குப் பின்னால் நிற்கும் போனின் முகவரியோடு ஒரு பொட்டலம் வந்தால் ‘இது யார்’ என்று கீழே போட்டுவிடும்.

லேப்டாப்பிலிருந்து கேபிளில் டெஸ்க்டாப்புக்குக் கொடுத்தேன், ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு போய்விட்டது

வைஃபை இல்லாத பழைய டெஸ்க்டாப்புக்கு இப்படிக் கொடுப்பது நல்ல யோசனை, பாதி வேக அபராதமும் கிடையாது. வைஃபை அடாப்டரின் பிராப்பர்ட்டீஸில் ‘ஷேரிங்’ தாவலில் டிக் போட்டு, ஈதர்நெட்டைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. ஆனால் விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் ரீஸ்டார்ட் ஆனதும் டிக் இருக்கும், நெட் இருக்காது. டிக்கை எடுத்து ஓகே, மறுபடி போட்டு ஓகே. தினமும் இதைச் செய்ய அலுப்பாக இருந்தால் லேப்டாப்பை ஷட்டவுன் செய்யாமல் வைத்திருங்கள்.

அப்படி இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிடுபவர்கள் ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். சும்மா இருக்கும் லேப்டாப் 20 வாட் எடுக்கிறது என்று வைத்தால், தமிழ்நாட்டு மின்கட்டணத்தின் இரண்டு மாதச் சுற்றில் அது கிட்டத்தட்ட 29 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் கால் பங்குக்கு மேல் இதற்கே போகும். பேட்டரி எப்போதும் நூறிலேயே நின்று உப்பும் அபாயம் வேறு. லேப்டாப்பில் சார்ஜை 80இல் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

நடைவரைக்கும் கேபிள் இழுத்தாகிவிட்டது என்றால் பரணில் ஒரு பழைய ரவுட்டர் கிடக்கிறதா என்று தேடுங்கள். அதன் முகவரியை, புது ரவுட்டரோடு மோதாமல் 192.168.1.2 மாதிரி ஏதாவது மாற்றி, டி.எச்.சி.பி.யை (சாதனங்களுக்கு முகவரி வழங்கும் வேலையை) அணைத்து, கேபிளை அதன் ‘வான்’ ஓட்டையில் சொருகாமல் ‘லேன்’ ஓட்டைகளில் ஒன்றில் சொருகினால் அது வெறும் வைஃபைக் கம்பமாக மாறிவிடும். தெரு ஒன்றே ஒன்று. காஸ்ட் ஓடும், பிரின்டர் தெரியும், எட்டு பேர் கணக்கும் இல்லை. எங்கள் வீட்டு நடை ஸ்டூலில் இப்போது இருப்பது அதுதான். லேப்டாப்பைத் தங்கை எடுத்துக்கொண்டாள்.